வீடு தேடும் தளங்களும் அண்டை வீட்டாரின் உரிமையும்



மனிதர் குடியிருக்கும் இல்லங்களை அமைதி பெறும் இடங்களாகத் தான் ஆக்கியிருப்பதை, அல்லாஹ் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக அந்நஹ்ல் அத்தியாயத்தில் நினைவூட்டுகிறான். அந்த அமைதியைத் தேடி நம் மக்கள் கடல் கடந்தும் செல்கின்றனர். முன்பு வெளிநாடு சென்றவர் ஊர்க்காரர் ஒருவரின் முகவரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கப்பலேறினார். இன்று செல்பவர் விமானத்தில் ஏறும் முன்பே கைபேசியில் வீடு தேடும் தளத்தைத் திறந்து, படுக்கையறை எத்தனை, வாடகை எவ்வளவு, ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று பார்த்துவிடுகிறார். இந்த மாற்றத்தைச் சென்ற ஆண்டு எங்கள் குடும்பமே அருகிலிருந்து கண்டது. அதில் கற்றவற்றையும், மார்க்கத்தின் வெளிச்சத்தில் நாங்கள் சிந்தித்தவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் இத்தளங்களின் இயல்பை அறிந்துகொள்வது நல்லது. தென்கிழக்கு ஆசியாவில் பெரிதாக வளர்ந்த பிராப்பர்ட்டிகுரு 2007இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. வீடு தேடுவோரிடம் இத்தகைய தளங்கள் கட்டணம் வாங்குவதில்லை. விளம்பரம் இடும் முகவர்களும் கட்டுமான நிறுவனங்களுமே பணம் செலுத்துகின்றனர். எங்கே விளம்பரங்கள் மிகுதியோ அங்கே மக்கள் செல்வர். எங்கே மக்கள் மிகுதியோ அங்கேயே விளம்பரங்களும் சேரும். ஆகவே ஒரு நாட்டில் முதலிடம் பிடித்த தளத்தைப் பின்வருவோர் வெல்வது கடினம். புதிய நாட்டிற்குள் நுழைய விரும்பும் நிறுவனம் பெரும்பாலும் அங்கே ஏற்கெனவே வேரூன்றிய தளத்தை விலைக்கு வாங்கிவிடுவதன் காரணம் இதுதான். தாய்லாந்தில் டிடிபிராப்பர்ட்டி, வியட்நாமில் பட்டோங்சான், 2021இல் மலேசியாவின் ஐபிராப்பர்ட்டி என்று பிராப்பர்ட்டிகுருவும் இவ்வழியிலேயே விரிந்தது. 2022இல் நியூயார்க் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டு, 2024 இறுதியில் ஈக்யூடி என்னும் முதலீட்டு நிறுவனத்தால் ஏறத்தாழ 110 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கப்பட்டது.

எனினும் எல்லா நாடுகளிலும் அதற்கு வெற்றி கிட்டவில்லை. இந்தோனேசியாவில் நடத்திவந்த ரூமா.காம் தளத்தை 2023இல் மூடிவிட்டது. துணியையும் கைபேசியையும் விற்பது போன்றதன்று வீட்டு வணிகம். வீடு அந்தந்த மண்ணின் சட்டத்தோடு பிணைந்தது. சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடி வீடுகள் 99 ஆண்டுக் குத்தகைக்கு உரியவை. மலேசியாவில் மலாய் ஒதுக்கீட்டு நிலத்தை மலாய்க்காரர் அல்லாதவர் வாங்க இயலாது. தாய்லாந்தில் வெளிநாட்டவர் பொதுவாக நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மொத்தப் பரப்பில் 49 விழுக்காடு வரை மட்டுமே அவர்கள் உடைமையாக இருக்கலாம். வியட்நாமில் நிலத்தின் உடைமை மக்கள் அனைவருக்கும் உரியது. தனிமனிதருக்குக் கிடைப்பது பயன்பாட்டு உரிமையே. தளம் ஒன்றாக இருக்கலாம். அதன் பின்னால் உள்ள சட்டம் நாட்டிற்கு நாடு வேறு. கைபேசியில் படம் பார்த்து வெளிநாட்டில் வீட்டுக்கு முன்பணம் அனுப்ப எண்ணும் நம் சகோதரர்கள் இதனை மனத்தில் இருத்த வேண்டும்.

இனி எங்கள் குடும்பத்துச் செய்திக்கு வருகிறோம். எங்கள் தம்பி சிங்கப்பூரில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். நண்பர்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தவர், மனைவியையும் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளும் அனுமதி கிடைத்ததும் வாடகை வீடு தேடத் தொடங்கினார். இங்கே அவருடைய மனைவியும் நாங்களும் கைபேசியில் அதே விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பள்ளிவாசல் அருகில் உள்ளதா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எட்டுமா என்று ஊரிலிருந்தபடியே ஆராய முடிந்தது ஒரு பெரும் வசதியே. ஒரே வட்டாரத்தில் பத்து வீடுகளின் வாடகை கண்முன் நிற்கும்போது, பதினோராவது வீட்டிற்கு மிகையான வாடகை கேட்பவரை எளிதில் இனம் காணலாம்.

இவ்வசதியை மார்க்கக் கண்கொண்டு நோக்கினால் ஒரு நபிமொழி நினைவுக்கு வருகிறது. சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தைச் சந்தைக்கு வருமுன் வழியிலேயே மறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சந்தை நிலவரம் அறியாதவரின் அறியாமையை இலாபமாக்குவது முறையன்று என்பதை அறிஞர்கள் இதன் காரணங்களுள் ஒன்றாக விளக்குவர். விலை நிலவரத்தை எல்லார்க்கும் திறந்து வைக்கும் ஒரு தளம், அந்த அளவில் நன்மையே செய்கிறது.

ஆனால் தேடல் தொடர்ந்தபோது வேறொன்றையும் கண்டோம். சில விளம்பரங்களின் அடியில், இன்ன நாட்டவர்க்கு, இன்ன இனத்தவர்க்கு இல்லை என்னும் பொருளில் குறிப்புகள் இருந்தன. விளம்பரத்தில் எழுதாதவர்களோ, தம்பி செய்தி அனுப்பியதும் வீட்டைப் பற்றி ஒன்றும் கூறாமல் அவருடைய இனத்தைக் கேட்டனர். பதில் சொன்ன பின் மறுமொழி வரவில்லை. இது எங்கள் குடும்பத்திற்கு மட்டும் நேர்ந்ததன்று. சிங்கப்பூர் வாடகை விளம்பரங்களில் இந்தியரையும் சீன நாட்டவரையும் விலக்கும் வழக்கம் பற்றி 2014இலேயே பிபிசி செய்தி வெளியிட்டது. பாகுபாடு காட்டும் விளம்பரங்களை முகவர்கள் வெளியிடக்கூடாது என்று சொத்து முகவர்களை நெறிப்படுத்தும் அந்நாட்டு அரசு மன்றமும் வழிகாட்டியுள்ளது. ஆயினும் மனிதர் மனத்தில் உள்ளதை விதி ஒன்றே மாற்றிவிடுவதில்லை. சமையல் வாசனை சுவரில் படிந்துவிடும் என்பதே பெரும்பாலும் சொல்லப்படும் காரணம்.

இதனோடு இன்னொரு சிக்கலையும் பிரித்தறிய வேண்டும். இனங்கள் தனித்தனிச் சேரிகளாகப் பிரிந்துவிடாமல் கலந்து வாழ வேண்டும் என்று சிங்கப்பூர் அரசு 1989 முதல் அரசு வீடுகளில் இன விகிதாச்சாரத்தைக் கடைப்பிடிக்கிறது. சிங்கப்பூரரும் மலேசியரும் அல்லாத வெளிநாட்டவர் ஒரு முழு வீட்டை வாடகைக்கு எடுப்பதற்கும் 2014 முதல் வட்டாரத்திற்கு 8, கட்டடத்திற்கு 11 விழுக்காடு என்ற வரம்பு உண்டு. ஆகவே விளம்பரத்தில் காணப்படும் வீடு தம்பியைப் போன்றவர்க்குச் சட்டப்படி கிடைக்காமலும் போகலாம். அது விதி, அனைவரும் அறிந்துகொள்ளக் கூடியது. இனத்தைக் கேட்டுவிட்டு மௌனமாகிவிடுவது விதியன்று. அது உள்ளத்தின் நோய்.

நம் முன்னோர் இந்தச் சிரமத்தை எப்படிக் கடந்தனர்? கடையநல்லூர், தென்காசிப் பகுதி மக்கள் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து வாழ்ந்தனர். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவாகி, சில ஆண்டுகளில் உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளிக்கூடமும் கண்டது. புதிதாக வந்தவர்க்குத் தங்குமிடம் காட்டியது ஊர் உறவே. இதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு. மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களைத் தங்கவைக்க மதீனத்து அன்ஸாரிகள் சீட்டுக் குலுக்கினர். உம்முல் அலா (ரலி) அவர்களின் குடும்பத்திற்கு உஸ்மான் பின் மழ்ஊன் (ரலி) அவர்கள் வாய்த்தார்கள் என்று புகாரி நூல் பதிவு செய்கிறது. விருந்தாளி எந்தக் குலத்தவர் என்று கேட்டு விலக்கவில்லை. யாருக்கு அந்தப் பேறு என்பதற்கே குலுக்கினர்.

இரண்டு மாதத் தேடலுக்குப் பின் தம்பிக்கு ஒரு வீடு கிடைத்தது. அதுவும் தளத்தில் கண்ட விளம்பரமே. உரிமையாளர் பணி ஓய்வு பெற்ற ஒரு சீன மூதாட்டி. அவர் தம்பியின் இனத்தைக் கேட்கவில்லை. பிள்ளைகளின் வயதைக் கேட்டார். ஒப்பந்தம் எழுதுமுன் தாமாகவே தம்பியைக் குளியலறைக்கு அழைத்துச் சென்று, மேல்வீட்டு நீர் கசிந்த கறையைக் காட்டி, பழுது பார்த்தாயிற்று, மீண்டும் கசிந்தால் உடனே சொல்லுங்கள் என்றாராம். படத்தில் அந்தக் கறை இல்லை.

தம்பி இதனைத் தொலைபேசியில் சொன்னபோது, மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பலமுறை கற்பித்த ஒரு நிகழ்ச்சி எங்கள் கண்முன் வந்தது. சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்ததாக வணிகர் கூறினார். மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற பொருள்பட எச்சரித்தார்கள். இன்றைய விளம்பரப் படமும் ஒரு தானியக் குவியலே. மேலே உலர்ந்ததை மட்டும் படமெடுத்து இட்டால், பார்ப்பவர் ஆயிரம் காதம் தள்ளியிருந்து கையை நுழைத்துப் பார்க்க இயலாது. எனவே குறையை வெளிப்படுத்தும் கடமை விற்பவர்க்கும் வாடகைக்கு விடுபவர்க்கும் முன்னிலும் கூடியிருக்கிறது. உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் வணிகத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிக்கப்படும் என்பதும் நபிமொழியின் கருத்தே.

இச்செய்தி எங்கள் வாசலுக்கே வந்து சேர்ந்தது. எங்கள் மாமனார் மறைவுக்குப் பின் அவருடைய சிறிய ஓட்டு வீடு பூட்டிக் கிடந்தது. அதனை வாடகைக்கு விட வாரிசுகள் முடிவு செய்தபோது, ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஓர் இளம் தம்பதியர் கைக்குழந்தையோடு வந்து கேட்டனர். உறவினர் சிலர் முகம் சுளித்தனர். மொழி வேறு, மதம் வேறு, சமையல் வேறு என்றனர். அதில் ஒரு காரணம் சிங்கப்பூரில் தம்பிக்குச் சொல்லப்பட்டதே. நகரங்களில் பெயரைக் கேட்டதும் வீடு இல்லையென்று கைவிரிக்கப்படும் வேதனையை நம் சமுதாயம் நன்கு அறியும். அதே வேதனையை இன்னொருவர்க்கு நாம் எப்படிக் கொடுப்பது?

என் மனைவியும் அவருடைய சகோதரிகளும் கலந்து பேசினர். முதலில் பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் செய்தியைச் சொன்னோம். குழந்தைச் சத்தம் கேட்டு நாளாயிற்று, வரட்டும் என்றார். அடுக்களை மூலையில் மழை ஒழுகும், சித்திரையில் கிணறு வற்றும் என்பதை அத்தம்பதியரிடம் முன்கூட்டியே கூறி, அதற்கேற்ப வாடகையைக் குறைத்து வீட்டைக் கொடுத்தோம். முகம் சுளித்த உறவினருள் ஒருவர் இன்றும் எங்களிடம் சரியாகப் பேசுவதில்லை. அவருக்காகவும் துஆச் செய்கிறோம்.

பக்கத்து வீட்டாரிடம் முதலில் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. அபூ ராஃபிஉ (ரலி) அவர்களுக்கு, ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் வளாகத்தில் இரண்டு அறைகள் இருந்தன. அவற்றிற்கு வேறொருவர் 500 தீனார் தர முன்வந்திருந்தார். ஸஅத் (ரலி) அவர்களோ 4000 திர்ஹம், அதுவும் தவணையில்தான் தர இயலும் என்றார்கள். அது குறைந்த தொகை. ஆயினும் அண்டை வீட்டாரே அதிக உரிமையுடையவர் என்று நபியவர்கள் கூறக் கேட்டிருந்ததால், அபூ ராஃபிஉ (ரலி) அவர்கள் அண்டை வீட்டவரான ஸஅத் அவர்களுக்கே கொடுத்தார்கள். விற்கும் சொத்தில் முன்வாங்கும் உரிமை கூட்டாளிக்கு மட்டுமா, அண்டை வீட்டார்க்கும் உண்டா என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் பங்காளிகளிடமும் அண்டை அயலாரிடமும் ஒரு சொல் கேட்டுவிட்டு விளம்பரம் இடுவது எவருக்கும் தடையில்லை. உலகம் முழுவதற்கும் அறிவித்துவிட்டு அடுத்த சுவருக்கு அறிவிக்காமல் இருப்பது அழகன்று.

முடிக்குமுன் வீடு தேடுவோர்க்குச் சில சொற்கள். சிங்கப்பூரில் முகவர் ஒவ்வொருவருக்கும் பதிவெண் உண்டு; அதனை அரசின் பொதுப் பதிவேட்டில் சரிபார்க்காமல் ஒரு வெள்ளிகூட அனுப்பாதீர்கள். வீட்டை நேரில் காணாமல் முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள். விளம்பரத்தின் அருகே தோன்றும் கடன் கணக்கீட்டுப் பெட்டி பெரும்பாலும் வட்டிக் கடனையே காட்டுகிறது. வாங்க எண்ணுவோர் ஆலிம்களிடம் கேட்டு, மலேசியாவில் 1983 முதல் இயங்கிவரும் இஸ்லாமிய வங்கி முறை போன்ற மாற்று வழிகளை ஆராயுங்கள். வீடு விடுவோரே, உங்கள் விளம்பரத்தில் எழுதும் ஒவ்வொரு சொல்லுக்கும் மறுமையில் கணக்கு உண்டு. எழுதாமல் மறைத்ததற்கும் உண்டு.

வீடற்றோர்க்கு வீட்டையும், வீடுள்ளோர்க்கு விரிந்த உள்ளத்தையும், நம் அனைவர்க்கும் நல்ல அண்டை வீட்டாரையும் அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.