டெக்னிக்கல் சந்தியில் இறங்குபவர்கள்

நீங்கள் கண்டியில் இருந்தாலும் கல்முனையில் இருந்தாலும் ஏதோ ஒரு நாள் கொழும்புக்கு வந்திருப்பீர்கள். புறக்கோட்டையில் பெருநாளைக்குத் துணிமணி வாங்கிக்கொண்டு, கையில் இரண்டு பை, இடுப்பில் ஒரு பிள்ளை என்று மருதானைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறியிருப்பீர்கள். ஏறி உட்காரவும் இடம் கிடைத்திருக்காது. அதற்குள் கொண்டக்டர், "டெக்னிக்கல்! டெக்னிக்கல்!" என்று தொண்டை கிழியக் கத்தியிருப்பார். அது ஓர் ஊரின் பெயர் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் மச்சினிச்சி ஒருத்தி கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்து ஏழு வருஷம் கழித்துத்தான், "அங்கே ஒரு கொலேஜ் இருக்கிறதா?" என்று ஆச்சரியப்பட்டாள்!

இருக்கிறது. ஒல்கொட் மாவத்தையில், ரயில் தண்டவாளங்களுக்குப் பக்கத்தில், சிவப்புச் செங்கல்லும் வளைவு வாசல்களுமாக நிற்கிறதே, அதுதான். 1893ஆம் ஆண்டில் அரசாங்கத் தொழில்நுட்பப் பாடசாலை என்று தொடங்கி, 1906இல் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. சந்திக்குப் பெயர் கொடுத்தது அந்தக் கல்லூரி. ஆனால் அங்கே நடந்த பெரிய படிப்பெல்லாம் எப்போதோ மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊர்களுக்குப் போய்விட்டது. அந்தப் பயணத்தைத்தான் இம்மாதம் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். அதில் எங்கள் வீட்டுக் கதையும் கொஞ்சம் கலந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருதானையில் அந்தக் கல்லூரியை வைத்ததற்குக் காரணம் இருந்தது. ரயில் அங்கே, துறைமுகம் எட்டிப்பிடிக்கும் தூரத்தில். ரயில்வேயின் பணிமனைகளே அன்று மருதானையில்தான் இருந்தன. பிறகுதான் அவை இரத்மலானைக்குப் போயின. இரும்பைத் தெரிந்த ஆட்கள் வாழ்ந்த இடத்தில் இரும்பைப் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தை வைத்தார்கள்.

நம்மவர்களுக்கும் அந்தச் சுற்றுவட்டாரம் புதிதல்ல. டெக்னிக்கல் தொடங்குவதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்னர், 1892இல், அதே மருதானையில்தான் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா திறக்கப்பட்டது. இன்றைய ஸாஹிராக் கல்லூரி. அதற்குத் தோள் கொடுத்தவர்களில் ஒருவர் வாப்பிச்சி மரைக்கார். அவர் யாரென்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? கொழும்பு நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் அவர். 1877இல் அது திறக்கப்பட்டபோது, "உமக்கு என்ன கௌரவம் வேண்டும்?" என்று தேசாதிபதி கிரெகரி கேட்டாராம். "வெள்ளிக்கிழமைகளில் இதை மூடி வைத்தால் போதும்" என்றாராம் இவர். இது நம் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வரும் கதை.

நான் நினைத்துப் பார்ப்பது வேறொன்றை. இவ்வளவு பெரிய கட்டடத்தை எழுப்பிய மனிதர் எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியிலும் படிக்கவில்லை. அவர் வேலை பழகிய காலத்தில் அப்படியொன்று நாட்டிலேயே இல்லை. வாப்பாவிடமிருந்து மகனுக்கு, மாமாவிடமிருந்து மருமகனுக்கு என்று கைமாறி வந்த வேலை அது. ஓடாவியின் பிள்ளை உளியோடு வளர்ந்தான். 1893க்குப் பிறகு மெல்ல மெல்லக் காலம் மாறியது. கை தெரிந்தால் போதாது, கடதாசியும் வேண்டும் என்றாகிவிட்டது. அந்தக் கடதாசியை எங்கே போய் எடுப்பது, அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதெல்லாம் அதன் பிறகுதான் ஒரு குடும்பப் பிரச்சினையாகியது.

எங்கள் உம்மாவின் தம்பி, என் மாமா, பகலில் பஞ்சிகாவத்தையில் மோட்டார் உதிரிப்பாகம் விற்கும் கடையொன்றில் நின்றார். அஞ்சு மணிக்குக் கடையிலிருந்து இறங்கி, நடந்தே டெக்னிக்கலுக்குப் போய் மாலை வகுப்பில் உட்காருவார். 1959, 60 காலம் அது. முதல் சில மாதங்கள் அவருக்குக் கிடைத்ததெல்லாம் ஓர் இரும்புத் துண்டும் ஓர் அரமும்தான். நாலு பக்கமும் நேராக வரும்வரை அராவ வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடியும் அராவ வேண்டும். "ஒரு இரும்புத் துண்ட சதுரமாக்க நாலு மாசமா?" என்று உம்மா சிரிப்பாவாம். சட்டைக் கையில் ஒட்டிய இரும்புத்தூள் கழுவக் கழுவப் போகாமல் துருக்கறையாக நிற்கும் என்ற குறையும் உம்மாவுக்கு இருந்தது.

மாமா அரம் பிடித்துக்கொண்டிருந்த அந்த வருஷங்களில்தான் கல்லூரியின் தலைவிதி மாறிக்கொண்டிருந்தது. அந்தக் கல்லூரியில் 1933 முதலே லண்டன் சர்வகலாசாலைப் பொறியியல் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்செய்து வந்தார்கள். 1950இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கொழும்பில் ஆரம்பமானதும் பட்டப்படிப்பு அதன் கைக்குப் போனது. அந்தப் பீடமும் 1964இல் பேராதனைக்கு ஏறிவிட்டது. இதற்கிடையே 1960இல், கொழும்பிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தெற்கே, மொறட்டுவைக்குப் பக்கத்தில் கட்டுபெத்தையில், கனடா நாட்டு உதவியோடு செய்முறைத் தொழில்நுட்ப நிறுவகம் எழுந்தது. 1966இல் அது இலங்கைத் தொழில்நுட்பவியல் கல்லூரியாகி, 1972இல் பல்கலைக்கழக வளாகமாகி, 1978 முதல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாக நிற்கிறது.

ஏன் போனார்கள் என்று கேட்டால் நியாயம் அவர்கள் பக்கம்தான், அதை மறைக்கக் கூடாது. ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் பெருந்தெரு. மருதானையில் இன்னொரு பட்டறை கட்ட எங்கே இடம்? காங்கேசன்துறையில் சீமெந்து, வாழைச்சேனையில் காகிதம், பிறகு ஒறுவலையில் உருக்கு என்று நாடு தொழிற்சாலைகளைத் திறந்துகொண்டிருந்த காலம். இயந்திரம் தெரிந்தவர்கள் நூறு நூறாகத் தேவைப்பட்டார்கள். கட்டுபெத்தையில் பொல்கொட ஏரிக்கரையில் காணி இருந்தது. அன்று போயிராவிட்டால் இன்று அப்படியொரு பல்கலைக்கழகம் நமக்கு இருந்திருக்காது.

ஆனால் மாமாவுக்கு என்ன நடந்தது தெரியுமா? கூடப் படித்தவர்களில் சிலர் புதிய நிறுவகத்துக்கு விண்ணப்பித்துப் போனார்கள். அது பகல் நேரப் படிப்பு. கடையை விட்டால் வீட்டில் அடுப்பெரியாது. மாமா மருதானையில் கிடைத்ததைப் படித்து முடித்துக்கொண்டு, அதே பஞ்சிகாவத்தையில் முப்பது வருஷம் நின்றார். போனவர்களில் ஒருவர் பிற்காலத்தில் பெரிய உத்தியோகத்தில், அரசாங்க ஜீப்பில் கடைக்கு வந்து சாமான் வாங்கிப் போவாராம். மாமா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். மாமிதான் அந்த இடத்தில் எழுந்து குசினிக்குள் போய்விடுவா.

அடுத்தது என் முறை.

1984ஆம் ஆண்டு. உயர்தரத்தில் கணிதம் செய்திருந்தேன். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. கட்டுபெத்தையில் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமாவுக்கு விண்ணப்பித்தேன், கடிதம் வந்துவிட்டது. வாப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தரம் வாசித்தார். அப்போதுதான் எண்பத்து மூன்று ஜூலையின் புகை அடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தெரு முனையிலேயே தமிழருடைய கடைகள் எரிந்ததைக் கண்ணால் கண்டவர் அவர். காலி வீதி பஸ்ஸில், தமிழ் பேசும் பெண்பிள்ளை ஒருத்தி, தனியாக, மாலை மங்கி வருவது என்றால்...

"மருதானையில இருந்தா நான் ஒண்டும் சொல்ல மாட்டேன் மகள். நடந்து போய், லுஹருக்கு வீட்டுக்கு வந்து, மறுக்காப் போயிருப்பாய். கட்டுபெத்தைக்கு எப்பிடி அனுப்புற?"

அவ்வளவுதான். கோபமில்லை, சத்தமில்லை. நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் உம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டா. அதற்கடுத்த வருஷம் தையல் வகுப்புக்குப் போனேன், பிறகு கலியாணம். வாழ்க்கையில் குறை என்று சொல்ல ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். வாப்பா மௌத்தான பிறகு அவருடைய அலுமாரியைத் திறந்தபோது பாஸ்போர்ட், காணி உறுதி, உம்மாவின் அடையாள அட்டை எல்லாவற்றோடும் அந்தக் கடிதமும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. ஏன் எறியாமல் வைத்திருந்தார்? கேட்க ஆளில்லை.

இப்போது என் தம்பியின் மகள் அதே டிப்ளோமாவைப் படிக்கிறாள். ஆனால் கட்டுபெத்தையில் அல்ல! அந்தப் படிப்பும் திரும்ப இடம் மாறி, ஹோமாகமைக்கு அப்பால் தியகமவுக்குப் போய்விட்டது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவகம் இப்போது அங்கேதான். "மாமி, ஒரு நாள் வாங்களேன், நான் படிக்கிற இடத்தப் பாக்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போன மாதம் போனேன்.

விடிந்தும் விடியாமல் மருதானை ரயில் நிலையம். நாங்கள் ஏறியது களனிவெளிப் பாதை ரயில். முன்பு சின்னஞ்சிறு ஒடுக்கப் பாதையாக இருந்து, 1990களில் அகலமாக்கப்பட்ட பாதை அது. அகலமாக்கினார்களே தவிர வளைவுகளை நிமிர்த்தவில்லை. வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போகிறது. ஒரு வீட்டுக் குசினியில் தேங்காய் துருவுவதையும் இன்னொரு வீட்டில் பிள்ளைக்குத் தலை சீவுவதையும் நான் பார்த்துக்கொண்டே போனேன். நுகேகொடை, மஹரகமை தாண்டி ஹோமாகமையில் இறங்கி, அங்கிருந்து பஸ். அவள் இதை வாரத்தில் ஐந்து நாள் செய்கிறாள். தோளில் பை, அதற்குள் சோற்றுப் பார்சல், முஸல்லா, கணக்குப் பார்க்கும் கல்குலேட்டர். ரயிலில் அவளுக்கென்று ஒரு மூலை, கூட வரும் தோழிகள் மூன்று பேர். அதில் ஒருத்தி மட்டக்குளியிலிருந்து வரும் கத்தோலிக்கப் பிள்ளை. ஆசனம் பிடித்து வைப்பது அவள் பொறுப்பாம்.

தியகமவில் நல்ல விசாலமான இடம். மருதானையின் இரைச்சல் இல்லை, புகை இல்லை. வாசலில் நின்று பார்த்தபோது மனசுக்குள் பெருமைதான் முதலில் வந்தது, பொய் சொல்லவில்லை. பட்டறை வகுப்பில் முதல் மாதம் என்ன செய்தாய் என்று கேட்டேன். "அராவினோம் மாமி! ஒரு இரும்புத் துண்ட அராவி அராவிக் கை கொப்பளிச்சுப் போச்சு" என்றாள். நான் மாமாவை நினைத்துக்கொண்டேன்.

தாய்மாரே, இந்த இடத்தில் ஒரு வார்த்தை. உங்கள் ஊரிலும் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று புதிய இடத்துக்குப் போகப்போகிறது என்று கேள்விப்பட்டால், புதுக் கட்டடம் எத்தனை மாடி என்று மட்டும் கேட்டுக்கொண்டு வராதீர்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு? பெண்பிள்ளைகளுக்கு விடுதி உண்டா? சந்தியிலிருந்து வாசல்வரை தெருவிளக்கு எரியுமா? மாலை வகுப்பு தொடருமா, அல்லது பகலில் மட்டுமா? இதையெல்லாம் கட்டடம் எழும்புவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். காணியையும் இயந்திரத்தையும் பற்றி யோசிக்க அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். பஞ்சிகாவத்தைக் கடைப் பையனையும் எங்கள் வாப்பாவையும் பற்றி யோசிக்க அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்.

மருதானைக் கல்லூரி மூடப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய படிப்புகள் போன பிறகும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் வகுப்புகள் அங்கே உண்டு. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட மகனோ, சும்மா வீட்டில் இருக்கும் மகளோ இருந்தால் அந்தச் செங்கல் வாசலுக்குள் ஒரு தரம் போய் விசாரித்துப் பாருங்கள்.

திரும்பி வரும் ரயிலில் எங்கள் இருவருக்கும் ஆசனம் கிடைத்தது. அவள் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமி, அப்பாக்கு வந்த அந்தக் கடிதம் இன்னும் இரிக்கா?" என்றாள்.

"அப்பாக்கு வந்த கடிதமில்ல புள்ள, எனக்கு வந்த கடிதம்" என்றேன். "இரிக்கி. உறையோட அப்பிடியே இரிக்கி."

"ஞாயித்துக்கிழம வாறேன், காட்டுங்க."

அதற்குள் ரயில் ஏதோ ஒரு வளைவில், நிலையமுமில்லாத இடத்தில், வழக்கம்போல நின்றுவிட்டது. மஃரிபுக்கு முன் வந்துவிடுவோம் என்று என் தம்பியின் மனைவிக்கு அவள் போன் பண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.