அயலார் சொல்லும் உறவினர் சொல்லும்

மட்டாஞ்சேரியில் வாழும் நம்மவர்க்கு மொழிகள் பலவென்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. காலையில் பால் வாங்குமிடத்தில் மலையாளம். சேர்லாய்ப் பக்கம் நடந்தால் கொங்கணி. குஜராத்தித் தெருவில் குஜராத்தி. மேமன் வணிகரிடையே கச்சி. கோட்டைக்கொச்சி வேலியில் துணி வெளுக்கும் நம் வண்ணார் குடும்பங்களிடையே தமிழ். ஒரு நாழிகை நடைக்குள் இத்தனையும் காதில் விழும். ஆயினும் இவற்றுள் எது எதற்கு உறவு என்று வினவினால் நம்மில் பலர் தயங்குவர். பக்கத்து வீட்டில் பேசப்படும் கொங்கணி நம் தமிழுக்குப் பிறப்பால் உறவன்று. அதன் உறவினர் கடல் கடந்து, ஐரோப்பாவின் மேற்கு எல்லையில், அயர்லாந்திலும் வேல்ஸிலும் இருக்கின்றனர் என்றால் வியப்பாகத்தான் தோன்றும்.

நான் பல ஆண்டுகள் பாசார் ரோட்டில் ஒரு குஜராத்தி வணிகரின் பண்டகசாலையில் கணக்கு எழுதியவன். சுக்கு மூட்டைகளை எண்ணும்போது முதலாளி 'ஏக், பே, த்ரண், சார்' என்பார். சுமை தூக்குவோர் 'ஒந்நு, ரண்டு, மூந்நு, நாலு' என்பர். நான் என் பேரேட்டில் தமிழில் எண்ணிப் பதிவேன். மூன்று வாய்களும் ஒரே மூட்டையைத்தான் எண்ணின. ஓய்வு பெற்றபின் பழைய புத்தகக் கடையொன்றில் கெல்திய மொழிகளைப் பற்றிய சிறு நூல் ஒன்று கிடைத்தது. அயர்லாந்து மக்களின் ஐரிஷ், வேல்ஸ் நாட்டு வெல்ஷ் முதலியவை கெல்திய இனத்தவை. அந்நூலில் எண்ணுப்பெயர்ப் பட்டியலைப் பார்த்ததும் பழைய முதலாளியின் குரல் காதில் ஒலித்தது. மூன்றுக்கு ஐரிஷில் 'த்ரீ', குஜராத்தியில் 'த்ரண்'. ஒன்பதுக்கு வெல்ஷில் 'நௌ', குஜராத்தியில் 'நவ்', நாம் நவராத்திரி என்று சொல்லும்போது ஒலிப்பதும் அச்சொல்லே. பத்துக்கு வெல்ஷில் 'தெக்', வடமொழியில் 'தச'. பல்லுக்கு வெல்ஷில் 'தாந்த்'. குஜராத்தியிலும் ஏறத்தாழ அதே ஒலிதான்!

இவ்வுறவை ஓரளவு கண்டு எழுதிய ஐரோப்பியர்களுள் மிக முற்பட்டவர் ஒருவர் நம் கொச்சியோடு தொடர்புடையவர் என்பது நம்மவர்க்கு மகிழ்வூட்டும் செய்தி. பிலிப்போ சஸ்ஸெத்தி என்னும் பிளாரன்ஸ் நகரத்து வணிகர் 1583-ல் மிளகு வாணிகத்தின் பொருட்டுக் கொச்சிக்கு வந்தார். கொச்சியிலிருந்தும் கோவாவிலிருந்தும் தம் நாட்டு நண்பர்களுக்கு அவர் வரைந்த கடிதங்களுள் ஒன்றில், வடமொழியின் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது ஆகிய எண்ணுப்பெயர்களும், கடவுளையும் பாம்பையும் குறிக்கும் சொற்களும் இத்தாலிய மொழியை ஒத்திருப்பதைக் குறித்தார். 'சப்த' என்பதற்கு 'செத்தெ'; 'சர்ப்ப' என்பதற்கு 'செர்ப்பெ'. 1588-ல் அவர் கோவாவில் இறந்தார். அவர் கண்டது நெடுங்காலம் எவர்க்கும் பயன்படவில்லை. மிளகு போய்ச் சேர்ந்த வேகத்தில் அறிவு போய்ச் சேரவில்லை போலும்.

பின்னர், 1776-ல் மலையாளக் கரைக்கு வந்து வராப்புழையில் பணியாற்றிய பௌலினுஸ் பாதிரியார், 1790-ல் ரோமாபுரியில் வடமொழி இலக்கணத்தை அச்சிட்டார். 1798-ல் வடமொழி, ஈரானியரின் பழைய மொழி, ஜெர்மானிய மொழி ஆகியவற்றின் உறவைப் பற்றியும் ஒரு நூல் வெளியிட்டார். ஆயினும் உலகின் செவியில் ஏறிய சொற்பொழிவு சர் வில்லியம் ஜோன்ஸ் 1786-ல் கல்கத்தாவில் நிகழ்த்தியதே. வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் மறைந்துபோன ஒரு தாயின் மக்கள் என்றார் அவர். கெல்தியத்தையும் அக்குடும்பத்தில் சேர்க்க இடமுண்டு என்றும் குறிப்பிட்டார். அதனை முறையாக நிலைநாட்ட 1830-களில் பிரிச்சர்டு, பிக்தே, பொப் முதலிய அறிஞர்கள் உழைக்க வேண்டியிருந்தது.

அத்தனை காலம் கெல்தியம் ஐயத்திற்குள்ளானது ஏன்? அதன் சொற்கள் முகம் மாறியிருந்தன. முதலெழுத்தாகிய பகரத்தைக் கெல்தியம் இழந்துவிட்டது. தந்தைக்கு வடமொழியில் 'பித்ரு', இலத்தீனில் 'பாதெர்', ஐரிஷில் 'ஆஹிர்'. நிறைவுக்கு வடமொழியில் 'பூர்ண', இலத்தீனில் 'ப்லேனுஸ்', ஐரிஷில் 'லான்'. பூரணத்தையும் லானையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் உறவென்று சொல்வாரா? ஒரு சொல்லை மட்டும் பார்த்தால் சொல்லமாட்டார். பத்துச் சொற்களில் அதே பகரம் அதே முறையில் மறைந்திருப்பதைக் கண்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். மொழியறிஞர் உறவை அளப்பது ஒப்புமையைக் கொண்டன்று. மாற்றத்தின் ஒழுங்கைக் கொண்டு.

இது நமக்குப் புதிதன்று. கன்னட நாட்டில் உறவினர் உள்ளவர் அறிவர்: நம் பால் அங்கே 'ஹாலு', பல் 'ஹல்லு', பூ 'ஹூவு', பத்து 'ஹத்து'. பழங்கன்னடத்தில் இவை பகரத்தோடுதான் வழங்கின. இடைக்காலத்தில் பகரம் தேய்ந்து மூச்சொலியாயிற்று. அயர்லாந்தில் நிகழ்ந்ததும் இத்தகையதே. அங்கே மூச்சும் எஞ்சவில்லை.

இதற்கு மாறாக, ஒலி ஒத்திருந்தும் உறவில்லாத சொற்களும் உண்டு. நம் 'எட்டு' என்பதும் ஆங்கிலத்தின் 'எய்ட்' என்பதும் ஒன்றே என்று மேடையில் முழங்கக் கேட்டிருக்கிறேன். தமிழன்பு மிக்க நண்பர்கள் பொறுத்தருள்க, அது பொருந்தாது. எட்டின் வேர் 'எண்' என்பதை எண்பது, எண்ணூறு ஆகிய சொற்களே காட்டும். கன்னடத்தில் இன்றும் 'எண்டு'. ஆங்கிலச் சொல்லோ இலத்தீனின் 'ஒக்தோ', ஐரிஷின் 'ஒக்த்' ஆகியவற்றோடு பிறந்தது. பின்னோக்கிச் செல்லச் செல்ல இரண்டும் விலகுகின்றனவேயன்றி நெருங்கவில்லை.

கடன்சொல் வேறொரு வகை. இஞ்சியை எடுத்துக்கொள்வோம். இஞ்சிவேர் என்னும் தென்னாட்டுச் சொல் பாலி மொழியில் 'சிங்கிவேர' ஆகி, கிரேக்கத்தில் 'ஜிங்கிபெரிஸ்' ஆகி, இலத்தீன் வழியே ஆங்கிலத்தின் 'ஜிஞ்சர்', வெல்ஷின் 'சின்சிர்', ஐரிஷின் 'ஷின்ஷேர்' என்று போயிற்று. ஐரிஷ்காரர் நாவில் இஞ்சியின் பெயர் இருப்பதால் அவர் நமக்கு உறவினராகிவிடார். வாங்கிச் சென்றவர், அவ்வளவே. தேக்கும் கயிறும் அவ்வாறே கப்பலேறின. வந்தவையும் உண்டு: போர்த்துகேசியர் தந்த 'சாவி' நம் மடியில் இருக்கிறது. மலையாளியோ அதனைத் 'தாக்கோல்' என்கிறார். தாழைத் திறக்கும் கோல்! நம்முடையதைக் காட்டிலும் அவர் சொல்லே பழந்தமிழ் மணம் கமழ்வது.

இனி, இவற்றையெல்லாம் நான் இவ்விதழில் எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். நான்காம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி, மலையாளச் சொல்லெழுத்துத் தேர்வில் 'மஞ்ஞள்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மஞ்சள்' என்றும், 'தேங்ங' என்பதற்குத் 'தேங்காய்' என்றும் எழுதி மதிப்பெண் இழந்தாள். அதே வாரத்தில், சொந்த ஊர் எதுவென்று கேட்கப்பட்டபோது 'கோவில்பட்டி' என்று அவள் சொல்ல, வகுப்பே சிரித்ததாம். மலையாளத்தில் பட்டி என்றால் நாய் என்பதை நீங்கள் அறிவீர்கள். குழந்தை அன்று முதல் ஊர்ப்பெயரைச் சொல்வதை விட்டுத் 'திருநெல்வேலிப் பக்கம்' என்று சொல்லிவரலானாள். ஊரைக் குறித்து வெட்கப்படும் குழந்தை, நாளை ஊரிலுள்ள ஆச்சியைக் குறித்தும் வெட்கப்படாது என்று யார் உறுதி கூற இயலும்?

"மாமா, இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்புகிறாள். இரண்டு ஆண்டுகள் தமிழ் எழுத்தை நிறுத்திவைப்போம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றாள் மருமகள். மகனும் அதையே விரும்பினான். அவர்கள் கவலை பொருளற்றதன்று. பிழைக்க வந்த இடத்தில் பிள்ளைகளின் மதிப்பெண்ணே பெற்றோரின் முதல். ஆயினும், இந்நகரில் எத்தனையோ வீடுகளில் இரண்டு ஆண்டுகள் என்று தொடங்கியது தலைமுறை முழுவதும் நீண்டதை நான் கண்டிருக்கிறேன். பாட்டி எழுதிய கடிதத்தைப் படிக்க அயலாரைத் தேடும் பேரன்மார் நம் சங்கத்திலேயே உள்ளனர்.

"ஒரு மாதம் எனக்குத் தா, அம்மா" என்று கேட்டுக்கொண்டேன்.

ஒரு குறிப்பேட்டில் கோடு கிழித்துப் பேத்தியிடம் கொடுத்தேன். ஒரு பத்தியில் தமிழ், அடுத்ததில் மலையாளம். தேங்காய்க்குத் தேங்ங, மாங்காய்க்கு மாங்ங, மஞ்சளுக்கு மஞ்ஞள், கஞ்சிக்குக் கஞ்ஞி, வந்து என்பதற்கு வந்நு. சில நாள் சென்றபின், "தாத்தா, மூக்கெழுத்துக்குப் பின்னால் வரும் எழுத்தை மலையாளம் விழுங்கி, மூக்கெழுத்தையே இரண்டாக்கிவிடுகிறது" என்றாள். எந்த அறிஞரின் நூலையும் நான் அவளுக்குக் காட்டவில்லை. "அப்படியானால் இஞ்சி மட்டும் ஏன் இஞ்சியாகவே இருக்கிறது?" என்று மறுநாள் கேட்டாளே, அதுதான் எனக்குப் பெருமை. விதியைக் கண்டவரே விலக்கைக் காண முடியும்.

மருமகளுக்கும் சில சொல்ல வேண்டியிருந்தது. குழந்தை 'நோக்கு' என்றாலும் 'உறங்கு' என்றாலும் 'அது மலையாளம்' என்று அவள் திருத்துவாள். அவை நம் பழைய இலக்கியத்தில் நாளும் வழங்கிய சொற்கள். நாம் 'பார்', 'தூங்கு' என்று மாறிவிட்டோம், அண்டை வீட்டார் மாறவில்லை. நாம் காது என்பதை அவர் 'செவி' என்கிறார்; மேற்றிசையைப் 'படிஞ்ஞாறு' என்கிறார். படுகின்ற ஞாயிறு! கி.பி. 9-ஆம் நூற்றாண்டை ஒட்டித் தனித்து நடக்கத் தொடங்கிய தங்கை, தாய்வீட்டுப் பாத்திரங்கள் சிலவற்றை நம்மினும் கருத்தாகப் போற்றி வைத்திருக்கிறாள். எல்லாம் ஒன்றே என்று சொல்லிவிடவும் கூடாது. 'வெள்ளம் தா' என்பது மட்டாஞ்சேரியில் ஒரு குவளை நீர்; நம் ஊரில் அது ஓர் ஆற்றுப் பெருக்கு. இதைச் சொல்லிக் காட்டியபோது மருமகளும் சிரித்துவிட்டாள்.

தென்மொழிகளின் இவ்வுறவு முதலில் அச்சேறியது 1816-ல். சென்னையில் ஆட்சியராயிருந்த எல்லிஸ், இவை வடமொழியின் கிளைகள் அல்ல, தனிக் குடும்பம் என்று காட்டினார். 1856-ல் விரிவாக நிலைநாட்டியவர் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர். 1814-ல் பிறந்தது அயர்லாந்தில். ஐரிஷ் மண்ணில் பிறந்தவர் நம் மொழிக்குடும்பத்தை உலகுக்குக் காட்டினார். அயர்லாந்தவரான விட்லி ஸ்டோக்ஸ் என்னும் சட்ட அறிஞரோ, 1862-ல் சென்னைக்கு வந்து இந்திய அரசுப் பணியில் இருந்துகொண்டே, பழைய ஐரிஷ் சொல்லகராதி ஒன்றை 1868-ல் கல்கத்தாவில் அச்சிட்டார். சட்டம் எழுதிய கை, சொல்லையும் விடவில்லை! மலையாளத்திற்குக் குண்டர்ட்டின் அகராதி 1872-ல் வந்தது. பர்ரோ, எமனோ இருவரும் 1961-ல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியின் 1984-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஐந்தாயிரத்துக்கு மேற்பட்ட சொற்குழுக்கள் உள்ளன. எங்கள் குறிப்பேட்டில் இதுவரை நூற்றுப்பதினான்கு.

மாதம் முடிந்து இப்போது மூன்றாவது மாதம் நடக்கிறது. தமிழ் எழுத்தை நிறுத்தும் பேச்சை மருமகள் எடுக்கவில்லை. கைவிட்டாள் என்றும் சொல்ல முடியாது. அடுத்த தேர்வைப் பொறுத்தது அது. குறிப்பேட்டில் இப்போது கன்னடத்திற்கும் குஜராத்திக்கும் பத்திகள் சேர்ந்திருக்கின்றன. குஜராத்திப் பத்தியை நிரப்பப் பேத்தி தன் வகுப்புத் தோழியைத் துணைக்கு வைத்திருக்கிறாள். பட்டி என்னும் சொல்லுக்கு எதிரே, தமிழில் 'ஆடுமாடு அடைக்குமிடம், சிற்றூர்' என்றும், மலையாளத்தில் 'நாய்' என்றும் எழுதியிருக்கிறாள். அதன் கீழே, நான் சொல்லிக் கொடுக்காத ஒன்று: "தோழி வீட்டு நாயின் பெயர் ராஜா. எங்கள் ஊரில் பட்டியில் ராஜா இருந்தால் அவர் ஊர்த்தலைவர்." இவ்வேடிக்கையை வகுப்பிலும் சொல்லிவிட்டாளாம். ராஜா என்பதற்கு ஐரிஷில் 'ரீ' என்று நான் சொன்னபோது, அதற்கு ஐந்தாம் பத்தி வேண்டுமென்று மறுபடியும் கோடு கிழிக்கத் தொடங்கினாள்.