இடது பக்கம் இழுக்கும் கார்

"ஸ்டியரிங்கைக் கொஞ்சம் லூசா விட்டா போதும் மச்சான், இடது பக்கம் போயிடுது" என்று சாவியைக் கொடுத்தார் மைத்துனர். எட்டு வருடம் ஓடிய சின்ன கார். ஒருவர் அலைன்மென்ட் என்றாராம், இன்னொருவர் டயர் என்றாராம், மூன்றாமவர் "அது ரோட்டுச் சரிவு, விடுங்க" என்றாராம். மூவரில் யாரும் காரைக் குனிந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் திருச்சி பால்பண்ணையிலிருந்து கிளம்பினேன். துவாக்குடி வரை பதினாலரை கிலோமீட்டர் நான்குவழிச் சாலை. அரியமங்கலம் தாண்டியதும் நேரான இடம். வேகம் 60. கையை எடுக்காமல் பிடியை மட்டும் தளர்த்தினேன். கார் மெதுவாக நகர்ந்து ஓரத்து வெள்ளைக்கோட்டை நெருங்கியதும் திருப்பி இழுத்தேன்.

ரோட்டுச் சரிவு என்றவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. மழைநீர் வடிய நம் சாலைகளை ஓரம் பார்த்துச் சரித்துத்தான் போடுகிறார்கள். நூற்றுக்கு இரண்டு, இரண்டரை என்பது கணக்கு. மூன்றரை மீட்டர் அகலப் பாதையில் ஏழிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் இறக்கம் வரும். இடது பக்கம் ஓட்டும் ஊரில் நல்ல கார்கூட லேசாக இடதுபக்கம் ஒதுங்கும். நடுத்திட்டை ஒட்டி ஓட்டினாலும் சரிவு அதே பக்கம்தான் என்பதால் இந்தச் சாலையில் தீர்ப்பு கிடைக்காது.

அதனால் துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டைக்குள் திருப்பினேன். ஞாயிறு என்பதால் ஷெட்டுகள் பூட்டிக் கிடந்தன. நடுவில் மேடும் இரு ஓரமும் இறக்கமுமாக ஒரு தெரு. முன்னும் பின்னும் ஆளில்லை. வலது ஓரமாக மெதுவாக ஓட்டினேன். அங்கே சரிவு வலதுபக்கம். கார் மேட்டை ஏறிக்கொண்டு இடதுபக்கமே போனது. ரோட்டின் மேல் பழி இல்லை.

வெளியே வந்ததும் ஒரு பஞ்சர் கடை. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய சீட்டு, நாலு டயருக்கும் காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. என்கிறது. அது ஓடாமல் ஆறிய டயருக்கான அளவு. ஓடிச் சூடானால் இரண்டு மூன்று கூடும். கேஜ் வைத்துப் பார்த்தார் கடைக்காரர். மூன்று டயரில் 35, 36. முன் இடதில் 29. விரலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்தார், குமிழ் விட்டது. வால்வு பின் மாற்றிக் காற்றடிக்க 30 ரூபாய். காற்று குறைந்த பக்கம் டயர் அமுங்கி உருளத் தடுமாறும், வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். மறுபடி ஓட்டினேன். இழுப்பு குறைந்திருந்தது, போகவில்லை.

திரும்பும் வழியில் வீல் அலைன்மென்ட் கடை. நாலு சக்கரத்திலும் பட்டைபோல் தட்டுகளை மாட்டி, காரை முன்னும் பின்னும் உருட்டினார்கள். எதிரே கம்பத்தில் இருந்த கேமராக்கள் அளந்தன. திரையில் சிவப்பு எரிந்ததும் "பாத்தீங்களா சார், அவுட்டு" என்றார் பையன். எது சிவப்பு என்று கிட்டே போய்ப் பார்த்தேன். சக்கரம் வெளிப்பக்கமோ உள்பக்கமோ சாயும் கேம்பர், ஸ்டியரிங் அச்சு முன்பின் சாயும் கேஸ்டர், இரண்டும் இடது வலது ஏறக்குறைய ஒன்றாக, பச்சையில் இருந்தன. அலைன்மென்ட் அளவுகளில் காரை ஒரு பக்கம் இழுப்பவை பெரும்பாலும் இவைதான். சிவப்பில் இருந்தது டோ, அதாவது முன்சக்கரங்கள் ஒன்றையொன்று பார்த்தபடியோ விலகியோ நிற்கும் அளவு. அது டயரைத் தின்னும், ஸ்டியரிங்கைக் கோணலாக்கும். இழுப்புக்கு அது காரணமாவது அபூர்வம். டை ராடைத் திருகிச் சரிசெய்தார்கள், 500 ரூபாய். இன்னும் 100 கொடுத்து முன் டயர் இரண்டையும் இடம் மாற்றச் சொன்னேன். கோளாறு டயரில் என்றால் இழுப்பும் வலதுக்கு மாறியிருக்க வேண்டும். ஸ்டியரிங் நேரானது. இழுப்பு மட்டும் இடதிலேயே நின்றது.

பால்பண்ணைக்கு முன்னால் தகரக் கொட்டகை ஒன்றில் பிரேக் வேலை பார்க்கும் பெரியவர். "நேரா போறப்பவே இழுக்குதா, பிரேக் அடிச்சா மட்டுமா, ஆக்சிலேட்டர் மிதிச்சா மட்டுமா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. "நேரா போறப்பவேண்ணே." ஒரு சுற்று ஓட்டிவிட்டு, பிரேக் தொடாமல் வண்டியைத் தானாக உருண்டு நிற்கவிடச் சொன்னார். அப்படியே நிறுத்தினேன். வலது சக்கரத்துக்கு அருகே உள்ளங்கை வைத்தேன், வெதுவெதுப்பு. இடதில் தோசைக்கல் அனல், கூடவே கருகின வாசனை. பிரேக்கையே மிதிக்காத வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் சுட என்ன காரணம்?

ஜாக்கி போட்டுத் தூக்கினார். வலது சக்கரத்தைத் தட்டினால் சுற்றிக்கொண்டே இருந்தது. இடது அரைச்சுற்றில் நின்றது. பிரேக் பேடை டிஸ்கில் அழுத்தும் கேலிப்பரைக் கழற்றியதும் கண்ணுக்கே தெரிந்தது: அது நகர்ந்து கொடுக்க வேண்டிய ஸ்லைடு பின் கிரீஸ் வற்றித் துருவேறிக் கிடந்தது. பிரேக்கை மிதித்துக் காலை எடுத்தாலும் பேட் முழுசாக விலகுவதில்லை. டிஸ்கை உரசிக்கொண்டே ஓடுகிறது. உள்பக்கப் பேட் மூன்று மில்லிமீட்டர்தான் மிச்சம், வெளிப்பக்கம் ஏழு. பின்னைத் தேய்த்து, புது ரப்பர் பூட் போட்டு, பிரேக் கிரீஸ் தடவி மாட்டினார். 350 ரூபாய்.

மறுபடி துவாக்குடி பக்கம் ஓட்டினேன். பிடி தளர்ந்தால் இன்னும் இடதுபக்கம் ஒரு சாயல் உண்டு. ஆனால் கோட்டை நெருங்க முன்னைவிடப் பல மடங்கு தூரம் எடுக்கிறது. மிச்சம் இருப்பது சாலையின் பங்கு. இறங்கிக் கை வைத்தால் இரண்டு சக்கரமும் ஒரே சூடு.

சக்கரத்துக்கு அருகே கை கொண்டுபோகக் காசு கிடையாது. அதை முதலில் செய்திருந்தால் மைத்துனருக்கு யார் சொன்னதையும் கேட்டு அலைய வேண்டியிருக்காது. தேய்ந்த பேடை மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றச் சொல்லி அனுப்பினார் பெரியவர். ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டால், பிரேக் பிடிக்கும்போது வேறொரு இழுப்பு ஆரம்பிக்கும் என்கிறார்.