வேடுபறியும் ஒரு சிறுவன் வினாவும்

கொங்குநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் ஏழனுள் ஒன்று திருமுருகன்பூண்டி. அவிநாசியிலிருந்து திருப்பூருக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது. சேரமான் பெருமாள் நாயனார் அளித்த பெரும்பொருளோடு ஆரூர் நோக்கி மீண்ட நம்பியாரூரரை, இறைவன் ஏவலால் பூதகணங்கள் வேடராய் வந்து வழிமறித்துப் பறித்த திருவிளையாடல் இத்தலத்ததென்பது அன்பர்கள் அறிந்ததே. மாசித் திருவிழாவில் வேடுபறி ஆண்டுதோறும் நிகழ்கின்றது. பொருள் இருக்குமிடத்தை நம்பிகளுக்குக் கூப்பிட்டுக் காட்டினாரென்று ஊரார் போற்றும் கூப்பிடு விநாயகரும் இவ்வூரில் எழுந்தருளியுள்ளார்.

சென்ற சித்திரையில் இவ்வூர்ச் சிறார்க்கென நடந்த கோடை விடுமுறை முகாமொன்றில், காலையில் திருமுறை ஓதுவிக்கவும் மாலையில் நாடகம் பயிற்றவும் அடியேனை அழைத்தனர். வந்த பிள்ளைகளிற் பெரும்பாலோர் பனியன் ஆலைகளில் உழைப்பவர்தம் மக்கள். வேடுபறியையே நாடகமாக எழுதினேன். ஆலைகளில் வெட்டி எஞ்சிய துண்டுத் துணிகள் வேடர் உடையாயின. சிற்பக் கூடங்களிற் சிதறிக் கிடந்த கற்சில்லுகளை மூட்டையாகக் கட்டிப் பொன்னென்று பெயரிட்டோம்.

சிறார் நடிக்கும் நாடகம் தமிழகத்திற்குப் புதிதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிப் பல சிறுவர்களை நடிப்பிலும் இசையிலும் வல்லவராக்கினார். ஆயின் அத்தகைய சபைகளின் சிறுவர் பெற்றோரைப் பிரிந்து ஊரூராகச் சென்று அயலார்முன் நடித்தனர். எம் பிள்ளைகளோ தம் தாயர்முன், தம் தெருவிலேயே, தம் ஊர்க் கதையை நடிக்க இருந்தனர். இவ்வேறுபாட்டின் அருமையை அப்பொழுது யான் உணர்ந்திலேன்.

வேடர் தலைவனாக நடிக்க ஒரு சிறுவனைத் தேர்ந்தேன். அவனுடைய தாய் பனியனிற் பிசிறு வெட்டும் தொழிலினர். மூன்றாம் நாள் ஒத்திகையில் அவன் என்னை நோக்கி, “ஐயா, சுவாமியே பறிக்கச் சொல்லலாமா? அது களவு ஆகாதா?” என்று கேட்டான். திரோதானமாவது யாது, மறைத்தலும் அருளேயாவது எங்ஙனம் என்று அவைகளிற் பல ஆண்டுகள் பேசி வந்தவன் யான். அன்று எனக்கு விடை எழவில்லை. விடை எழாமையை மறைக்கச் சினம் எழுந்தது. “சுவாமி செயலைக் கேள்வி கேட்கலாகாது, சொன்ன வசனத்தைச் சொல்” என்று கடிந்தேன். சிறுவன் தலைகுனிந்து விலகினான்.

இரண்டு நாள் கழிந்தது. மூட்டையைப் பறிக்க அஞ்சி நின்ற சிறிய வேடர்களுக்கு அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது என் செவியில் விழுந்தது. “என் மாமன் ஊரிலிருந்து வந்தால் என் கையில் ரூபாய் கொடுப்பார். அம்மா உடனே வாங்கிக்கொள்ளும். நான் அழுவேன். தீபாவளிக்கு அதே பணத்தில், அதற்கு மேலும் போட்டு, சட்டை எடுத்துத் தரும். அப்புறம் யார் கேட்டாலும் அம்மா எடுத்துக் கொடுத்த சட்டை என்றுதான் சொல்வேன். சுவாமியும் அப்படித்தான் போல. பயப்படாமல் பறியுங்கள்.”

யான் திகைத்து நின்றேன். நம்பிகளுக்குத் தாமே கொடுப்பதன்றிப் பிறர் கொடுத்த பொருளாக அது செல்லலாகாதென்று கருதியே பெருமான் அதனைக் கவர்வித்தருளினார் என்பது சேக்கிழார் பெருமான் கழறிற்றறிவார் புராணத்திற் கூறும் கருத்து. அந்நூலைப் பன்முறை ஓதிய எனக்குத் தோன்றாத விடை, தாயின் கையை அறிந்த பிள்ளைக்குத் தோன்றிற்று.

நிறைவு நாளன்று இரவு சிறு பந்தலில் நாடகம் நடந்தது. ஆலை விட்டு வந்த தாயர் உடை மாற்றவும் பொழுதின்றி அமர்ந்திருந்தனர். பறித்த மூட்டைகளை வேடர் தலைவன் கோயில் வாயிலில் எறிந்துவிட்டு ஓட வேண்டுமென்று எழுதியிருந்தேன். அவன் எறியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துச் சிந்தாமல் வைத்து, நம்பியாக நின்ற சிறுவனை ஒருமுறை அன்போடு நோக்கிவிட்டு அகன்றான். அவையில் ஓசை அடங்கிற்று. அவன் தாய் முந்தானையாற் கண்களைத் துடைத்ததைக் கண்டேன்.

அன்றிரவு வீடு திரும்பி ஏழாந் திருமுறையை எடுத்து இத்தலப் பதிகத்தை ஓதினேன். பறித்த பொருளைத் தருக என்று நம்பிகள் அதில் இரந்தாரல்லர். வழிப்போவாரை வருத்திக் கூறை கொள்ளும் இவ்விடத்தில் நீர் எதன்பொருட்டு இருக்கின்றீர் என்றே பெருமானை வினவுகின்றார். பயன் கூறும் இறுதிப் பாடல் ஒழிந்த ஒன்பது பாடலும் வினாவே. தோழமையாற் கேட்ட அவ்வினாவே தோத்திரமாயிற்று; அதனைக் கேட்டன்றோ இறைவன் பொருளை மீள அளித்தருளினான்! அங்ஙனமாகவும், வினவிய பிள்ளையை வினவலாகாதென்று கடிந்தேன். அந்தோ, என் பேதைமை!

மறுநாட் காலை அச்சிறுவனைக் கண்டு, “கண்ணு, நீ கேட்டது சரியான கேள்வி. சுந்தரரும் அதைத்தான் கேட்டார். நான் கடிந்ததுதான் பிழை” என்றேன். அவன் சிரித்து, “அடுத்த வருஷம் முதலைக் கதை போடலாமா, ஐயா?” என்றான். முதலையுண்ட பாலனை நம்பிகள் மீட்ட தலமாகிய அவிநாசி அண்மையிலன்றோ உள்ளது! போடலாமென்று உடன்பட்டேன். அக்கதையில் அவன் என்ன வினவுவானோ என்று இப்பொழுதே எண்ணிக்கொண்டிருக்கின்றேன்.

சைவ நன்மக்களே, நம் பிள்ளைகளுக்குத் திருமுறையைப் பாடங்கூட்டுவதோடு அமையாது, அடியார் வரலாறுகளை நடிக்கவும், நடிக்குங்கால் வினவவும் இடந்தருவோமாக. அறிந்தேமென்னும் செருக்கு ஒரு மூட்டை. அதனை என்னிடமிருந்து பறித்தற்கும் ஒரு சிறு வேடன் வரவேண்டியிருந்தது.

திருச்சிற்றம்பலம்.