இல்லாத இயந்திரத்தில் இருந்த ஏடுகள்

பழைய சிற்றிதழ்களைத் தட்டச்சிட்டு இணையத்தில் ஏற்றிவைக்கும் பணியை நாங்கள் ஐவர் சில ஆண்டுகளாகச் செய்து வந்தோம். ஐவரில் மூத்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கண்புரை அறுவைக்குப் பின்னரும் நாளொன்றுக்கு நான்கு பக்கம் தட்டச்சிடுவதை அவர் நிறுத்தியதில்லை. எங்கள் தளத்திற்கான வழங்கியை வாடகைக்கு எடுத்தவரும் அவரே. மாதக் கட்டணம் அவரது வங்கி அட்டையிலிருந்து சென்றுகொண்டிருந்தது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் ஐயா காலமானார். துக்கத்தினிடையே கட்டணத்தைப் பற்றி எங்களில் எவருக்கும் நினைவு வரவில்லை. அட்டை காலாவதியான பின் வந்த நினைவூட்டல்கள் யாவும் அவரது மின்னஞ்சலுக்கே சென்றன. சில மாதங்கள் கழித்து ஒருநாள் காலை தளம் திறக்கவில்லை.

நிலுவை முழுவதையும் செலுத்திவிடுகிறோம், எங்கள் இயந்திரத்தை மீண்டும் இயக்குங்கள் என்று நிறுவனத்துக்கு எழுதினோம். அப்படியோர் இயந்திரம் இப்போது இல்லை, விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டது என்று பணிவான மறுமொழி வந்தது. பணம் கட்டாதவரின் இயந்திரத்தை நிறுத்தலாம், அழிப்பது எங்ஙனம்? எங்கோ ஓர் அறையில், அடுக்கில் செருகிய இரும்புப் பெட்டி ஒன்று எங்கள் பெயரில் இருப்பதாகவே நாங்கள் எண்ணியிருந்தோம். விபிஎஸ் எனப்படும் மெய்நிகர் தனி வழங்கியைப் பற்றி நாங்கள் படிக்கத் தொடங்கியது அந்த மறுமொழிக்குப் பிறகுதான்.

தொடக்கத்தில் எங்கள் தளம் பகிர்வு வழங்கியில் இருந்தது. அது ஒண்டுக்குடித்தனம் போன்றது. ஒரே இயங்குதளம், ஒரே நினைவகம், நூற்றுக்கணக்கான தளங்கள். ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் எல்லா வீட்டுக்கும் கிணற்றில் தண்ணீர் வற்றும். அதற்கு மேற்பட்ட நிலை மெய்நிகர் வழங்கி. அங்கே ஒரு பெரிய கணினியின்மேல் ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள் அமர்ந்து, அதைப் பல கணினிகளாகப் பிரித்துக் காட்டுகிறது. ஒவ்வொன்றிலும் தனி இயங்குதளம், தனிக் கடவுச்சொல், தனி ஐபி முகவரி. உள்ளே இயங்கும் லினக்ஸ், முழுக் கணினியும் தனக்கே உரியது என்று நம்பிச் செயல்படுகிறது.

அந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருப்பது என்ன? கேவிஎம் முறையில், நாம் வாடகைக்கு எடுக்கும் கணினி என்பது புரவலன் கணினியில் ஓடும் ஒரு நிரல் மட்டுமே. நமது செயலி, உண்மைச் செயலியின் நேரத்தில் முறைவைத்துக் கிடைக்கும் பங்கு. நமது நினைவகம், அந்நிரலுக்கு ஒதுக்கிய இடம். நமது வன்தட்டு, பெரிய சேமிப்பகத்தில் உள்ள ஒரு கோப்பு அல்லது ஒதுக்கப்பட்ட ஒரு பகுதி. நிரலை நிறுத்திக் கோப்பையும் நீக்கிவிட்டால் அந்தக் கணினியில் எஞ்சுவது ஏதுமில்லை. அவ்விடத்தில் அடுத்த வாடிக்கையாளர் குடியேறிவிடுவார். மறுமொழியின் பொருள் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

இக்கருத்து புதியதன்று. ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையத்தினர் 1967இலேயே ஒரு கணினியைப் பல கணினிகளாக்கிப் பயன்படுத்தினர். 1972இல் அது விஎம்/370 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆனால் நாம் அன்றாடம் புழங்கும் எக்ஸ்86 செயலிகள் இதற்கு எளிதில் இடங்கொடுக்கவில்லை. சில கட்டளைகள் விருந்தாளிக் கணினியிலிருந்து வரும்போது, காவலாளியைக் கூப்பிடாமலே வேறுவிதமாக நடந்துகொண்டன. 1999இல் விஎம்வேர், அத்தகைய கட்டளைகளை ஓடும்போதே மாற்றியெழுதிச் சமாளித்தது. 2003இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஜென், விருந்தாளி இயங்குதளத்தையே சற்றுத் திருத்திக்கொண்டது. 2005இல் இன்டெலும் 2006இல் ஏஎம்டியும் செயலிக்குள்ளேயே இதற்கான வசதியை அமைத்தன. 2007இல் கேவிஎம் லினக்ஸ் கருவோடு இணைந்தது. மாதம் சில நூறு ரூபாய்க்கு எங்களைப் போன்றோரும் ஒரு வழங்கியை ஆள முடிந்ததற்குப் பின்னால் இத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது.

நாங்கள் செய்த பிழை வேறிடத்தில் இருந்தது. வாரந்தோறும் வழங்கியின் உறைநிலைப் பிரதி எடுத்து வந்தோம். அதையே காப்புப்பிரதி என்று நம்பி நிம்மதியாக இருந்தோம். அவையும் அதே நிறுவனத்தில், அதே கணக்கில் இருந்தன. கணக்கோடு சேர்ந்து போயின. கணக்கு மட்டுமன்று, கட்டடமும் போகக்கூடும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீக்கிரையானபோது, பிரதிகளையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர் சிலர் இரண்டையும் இழந்தனர். அச்செய்தியைப் படித்தபோது எங்கள் காலைப்பொழுது நினைவுக்கு வந்தது.

எங்களைக் காத்தது ஐயாவின் பழைய மேசைக்கணினி. அவருடைய துணைவியார் அதைத் துணியால் மூடி அப்படியே வைத்திருந்தார். "அவர் தொட்ட பொருள், கொடுக்க மனசு வரல தம்பி" என்றார் அம்மா. அதனுள் அவர் தட்டச்சிட்டவை ஆண்டுவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. முற்பகுதி திஸ்கி எழுத்துருவில் இருந்தது. அதை ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டோம். ஆனால் கடைசி மூன்று இதழ்கள் அங்கில்லை. அவற்றை அவர் நேரடியாகத் தளத்திலேயே தட்டச்சிட்டிருந்தார்.

இன்று எங்கள் வழங்கிக் கணக்கில் இருவரின் முகவரிகள் உள்ளன. பிரதி ஒன்று வேறொரு நிறுவனத்திலும், இன்னொன்று எங்களில் ஒருவர் வீட்டு அலமாரியிலும் இருக்கின்றன. ஆண்டுக்கொருமுறை அப்பிரதியிலிருந்து தளத்தை முழுதாக எழுப்பிப் பார்க்கிறோம். எழுப்பிப் பார்க்காத பிரதியை நம்புவதில்லை.

அம்மூன்று இதழ்களில் இரண்டின் அச்சுப்பிரதிகள் கிடைத்துவிட்டன. நால்வரும் பகிர்ந்துகொண்டு தட்டச்சிடுகிறோம். நால்வர் சேர்ந்தும் நாளொன்றுக்கு நான்கு பக்கத்தை இன்னும் எட்டவில்லை. மூன்றாவது இதழைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.