ஆறடி மண்

கொரோனா எங்கள் ஊருக்குள் வருமுன்பே மீன் விலை விழுந்துவிட்டது. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் தொற்றுப் பரவி அதை மூடியதும், மன்னாரிலிருந்து கொழும்புக்குப் போகும் கூலர் லொறிகள் நின்றன. மீன் தின்றால் நோய் வரும் என்ற கதை வேறு. முன்னாள் அமைச்சர் ஒருவர் ஊடகவியலாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டியதைத் தொலைக்காட்சியில் பார்த்து நாங்கள் சிரித்தோம். மீன் வியாபாரியான வாப்பா சிரிக்கவில்லை.

ஆனாலும் பெரியவர்களை உறங்கவிடாதது மௌத்தைப் பற்றிய பயம்தான். கொரோனாவால் இறந்தவர்களை எரிக்கவே வேண்டும் என்று 2020 ஏப்ரல் 11இல் வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானவையே என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் மாதமே சொல்லியிருந்தது. இங்கே நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். அந்த வர்த்தமானிக்கு அடிப்படை, பம்பாயில் பிளேக் பரவிய நாட்களில், 1897இல், வெள்ளைக்காரர் இயற்றிய நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரை மண்டபம் முகாமில் நாள்கணக்காக மறித்துவைத்துத் தலைமன்னாருக்கு ஏற்றியவர்களும் அவர்களே. ஆண்டவர்கள் போனார்கள், குடிமக்களைக் கேளாமல் முடிவெடுக்கும் பழக்கம் போகவில்லை.

டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. சில நாட்களில் கொழும்பில் பிறந்து 20 நாளான ஒரு குழந்தையை எரித்தார்கள். பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள்.

அந்த மாதம்தான் உம்மம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. "ஆஸ்பத்திரி வேணாம் புள்ள. அங்க மௌத்தானா நெருப்புல போட்டுருவாங்க" என்று உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று நாள் பின்னறையில் கொத்தமல்லித் தண்ணீரோடு கிடந்தார். அடுத்த வீட்டுக்கும் நாங்கள் சொல்லவில்லை. நாலாம் நாள் வாப்பா பிடிவாதமாகக் கூட்டிப்போனார். கொரோனா இல்லை, சிறுநீரில் கிருமி. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் ஆபத்து என்றார் வைத்தியர். நோயைக் கட்டுப்படுத்த வந்த உத்தரவு நோயாளியை ஒளிய வைத்தது. எத்தனை வீடுகளில் அப்படி நடந்ததோ!

2021 பெப்ரவரி 25இல் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் இடம்? இரணைதீவு என்றார்கள். அங்குள்ள கத்தோலிக்க மீனவர்கள் மறுத்துப் போராடினார்கள். "எங்கட மையித்துக்கு ஆறடி மண் தர மாட்டாங்களாமா?" என்று எங்கள் தெருவில் சிலர் கொதித்தார்கள். வாப்பாதான் நிதானமாகப் பேசினார். "1992இல ஊரை விட்டுப் போனவங்க. 2018இல தாங்களாவே வள்ளத்துல போய் இறங்கித்தான் அந்த மண்ணைத் திருப்பி எடுத்தாங்க. 90இல நாம புத்தளத்துல அகதியாக் கிடந்தது மறந்துபோச்சா?" முஸ்லிம் அமைப்புகளும் இரணைதீவை ஏற்கவில்லை. யாரையும் கேளாமல் எடுத்த முடிவு, காயப்பட்ட இரு சனத்தையும் எதிரெதிரே நிறுத்தப் பார்த்தது.

கடைசியில் இடம் தந்தது ஓட்டமாவடி. மார்ச் 5இல் மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. ஒரு வருடத்தில் 3,600க்கு மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டார்கள். இந்துக்கள், பௌத்தர்கள், கிறிஸ்தவர்களும் அவர்களில் அடக்கம். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவரும் அங்கேதான் இருக்கிறார். மதவாச்சி, ஹபரணை, பொலன்னறுவை தாண்டிப் போகவேண்டும். வெள்ளிக்கிழமைகளில் நம் மையவாடிக்குப் போய் மற்றவர்களின் கபுறுகளுக்கு ஸலாம் சொல்லித் திரும்புகிறார் அவருடைய மகன். ஓட்டமாவடிக்குப் போய்வர வேன் கூலி சேர்ந்ததும் தாயையும் கூட்டிப்போவாராம்.