தொட்டிக்குள் எத்தனை?

பாலிடெக்னிக்கில் படிக்கிறான் என்றால் எங்கள் மடவார் வளாகத்தில் ஃபேன் ரிப்பேர் முதல் பாங்க் ஃபாரம் வரை அவனிடம்தான் கேட்பார்கள். இராஜபாளையத்தில் கடை வைத்திருக்கும் மாமா கேட்டது மீன் கணக்கு. "மாப்ளே, நாலடித் தொட்டி. கடல் மீனு, பெருசா அஞ்சு விடலாமா?" என் ஃபீஸில் பாதி அவர் கட்டுவது. இல்லை என்று எப்படிச் சொல்ல?

பேப்பரில் போட்டேன். நீளம் 4 அடி, அகலமும் உயரமும் ஒன்றரை. 9 கன அடி, அதாவது 255 லிட்டர். மணலும் பாறையும் போட்டால் இன்னும் குறையும். மாமா ஆசைப்பட்ட எம்பரர் ஏஞ்சல், 10 செ.மீ. குட்டியாக வாங்கினாலும் 40 செ.மீ. வரை வளரும். நீளம் நாலு மடங்கானால் எடை 64 மடங்கு! தீனியும் கழிவும் கூடும். கழிவின் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவுக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். 30 டிகிரியில் நல்ல தண்ணீரில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் கரையும். கடல் நீரில் ஆறு சொச்சம்தான். அட, அதை விடுங்கள். தொட்டி அகலமே 45 செ.மீ. மீன் திரும்ப வேண்டாமா?

"அஞ்சு இல்லே மாமா, ஒண்ணுகூட ஆகாது. கோமாளி மீன் ஒரு ஜோடி விடுங்க. மண்டபம் ஆராய்ச்சி நிலையத்திலேயே குஞ்சு பொரிக்க வெச்சிருக்காங்க."

மாமா பேப்பரை இரண்டு தரம் பார்த்தார். "64 எப்படிடா வந்துச்சு?"

சொன்னேன். நாலு நாலு பதினாறு, பதினாறு நாலு அறுபத்து நாலு என்று அவரே வாய்க்குள் போட்டுப் பார்த்தார். கடைக்காரர் அல்லவா!

"சரி, ஜோடி என்ன விலைன்னு கேளு" என்றார்.